கூடைப்பந்துக்கு முறைத்தண்ணீர் பாய்ச்சியது பற்றி

வட்டக்கச்சி,
22.07.1963, திங்கட்கிழமை.

என்றும் மதிப்புக்குரிய அத்தான் பரமலிங்கம் அவர்களுக்கு,

இங்கு நானும் விமலேஸ்வரியும் சுகமே இருக்கிறோம். உங்கள் சுகத்தையும், அக்கா இராசமலரின் முழங்கால் நோ இறங்கியதா என்பதையும் அறிய ஆவலாக உள்ளோம். நீங்கள் ஆட்டத்தின் முடிவை அறியக் காத்திருப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் பத்திரிகைக்காரனின் வழக்கப்படி கடைசியாக உறுதியான செய்தியை முதலில் தருகிறேன். இன்று காலை வரை எங்கள் கூடைப்பந்துக் களத்தின் தூண்கள் இரண்டும் பிடுங்கப்படவில்லை. இதைச் சொன்னவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஐயாத்துரை. "இண்டைக்குப் பிடுங்கேல்லை" என்றார். அவர் "இண்டைக்கு" என்பதைச் சற்று அழுத்திச் சொன்னார் என்பதையும் நான் மறைக்கக்கூடாது.

களம் என்று பெருமையாக எழுதுகிறேனே தவிர, அது சங்கம் நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளம். அதன் இரண்டு முனையிலும் பெடியள் பனங்குற்றி நட்டு, கொல்லனைக் கொண்டு வளையம் அடிப்பித்து, முல்லைத்தீவிலிருந்து வந்த பழைய மீன்வலையைக் கட்டியிருக்கிறார்கள். இந்த ஊர்க் களிமண்ணில் பந்து விழுந்தால் விழுந்த இடத்திலேயே இருந்துவிடும். ஆகவே அந்தத் தளம் போனால் கூடைப்பந்தும் போயிற்று. சங்கமோ அதில் உரக்களஞ்சியம் கட்ட நினைக்கிறது. "நெளுக்குளம் பெடியளைக் கூப்பிட்டு எங்கடை தளத்திலை ஒருக்கா விளையாடிக் காட்டுங்கோ. சனம் பாக்கட்டும். விளையாட்டெண்டு சொல்லக்கூடியதா இருந்தால் யோசிப்பம்" என்று ஐயாத்துரை தவணை கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு போட்டியைப் பற்றி நான் பத்திரிகைக்கு எழுதிய செய்தியை வாசித்துவிட்டு, பிழையில்லாமல் எழுதியவனுக்குப் பிழையில்லாமல் பழக்கவும் தெரியும் என்று ஊர் முடிவுகட்டியது. இப்படித்தான் நான் பயிற்றுநர் ஆனேன். மற்றப்படி நான் ஒரு பந்தைக் கையால் தொட்டது அதைத் தபாற்கந்தோரில் பொறுப்பெடுத்தபோதுதான்.

அந்த நேரத்தில்தான் கல்லூரிக் காலத்து ஆட்டக்காரரான நீங்கள் அந்த அருமையான கடிதத்தை எழுதினீர்கள். ஆட்டத்தில் ஒரு வேகம் உண்டு, அது ஒரு நேரம் நம் பக்கம் இருக்கும், ஒரு நேரம் எதிரியின் பக்கம் போகும். நம் பக்கம் இருக்கும்போது விடாமல் அடிக்கவேண்டும், எதிரி பக்கம் போனால் நடுவரிடம் ஓய்வு கேட்டு அதை முறிக்கவேண்டும். எக்காரணம் கொண்டும் நமது வேகத்தின் நடுவே நாமே ஓய்வு கேட்கக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். நான் அதை அப்படியே வாசித்துக் காட்டினேன். பெடியள் மாடு பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். இவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லுவோம் என்று எனக்கொரு புத்தி வந்தது. எல்லாரும் குளத்துத் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சிச் சிறுபோக நெல் செய்கிறவர்களின் பிள்ளைகள். "வேகம் எண்டது முறைத்தண்ணி மாதிரி. எங்கடை முறை வந்தால் மடையை முழுக்கத் திறவுங்கோ. பிறகு அவையின்ரை முறை வரும். பதறாமல் நில்லுங்கோ. திரும்பவும் எங்கடை முறை வரும்" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அத்தான், ஒரு வகுப்பு முழுதாகத் தலையாட்டினால் பயப்படவேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சனிக்கிழமை பின்னேரம் சனம் வரம்புகளிலிருந்து நேரே வந்துவிட்டது. சிலர் கையில் மண்வெட்டி. ஆட்டம் தொடங்கியது, எங்கள் முறையாகவே தொடங்கியது. அணித்தலைவன் யோகலிங்கம் நாலு தரம் போட்டான், எட்டுக்குப் பூச்சியம். நான் செய்தியின் தலைப்பைக்கூட மனதில் எழுதிவிட்டேன். அப்போது நெளுக்குளத்துத் தலைவன் ஹலீம் ஒன்று போட்டான், உடனே இன்னொன்று. யோகலிங்கம் மற்றவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினான். ஐந்து பேரும் கைகளைக் கீழே விட்டு ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் பயந்து நிற்கவில்லை. வாய்க்கால் கரையில் அடுத்த முறைக்குக் காத்திருப்பவர்கள் நிற்பார்களே, அந்த அமைதியோடு நின்றார்கள். பந்து ஒருமுறை உருண்டு வெளியே போனது. எங்கள் பெடியன் ஒருவன் ஓடிப்போய் எடுத்து, துடைத்து, ஹலீமின் கையிலேயே கொடுத்தான்.

"டேய், என்னடா நிக்கிறியள்? மறியுங்கோடா!" என்று கத்தினேன்.

"இப்ப அவையின்ரை முறை மாமா. நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றான் யோகலிங்கம்.

மற்றவன் முறையில் மடைவாயில் கை வைத்ததற்காகத் தகப்பனிடம் அடி வாங்காத பிள்ளை இந்த ஊரில் இல்லை. அந்த அடியெல்லாம் அன்று வீண்போகவில்லை. சனத்துக்குள்ளிருந்து ஒரு தகப்பன், "பெடியள் நியாயமா நடக்கிறாங்கள்" என்று மெச்சினார். ஐயாத்துரை திரும்பிப் பார்த்து, "ஓம், உரமூட்டை அடுக்கவும் இப்பிடி அமைதியான இடம்தான் வேணும்" என்றார். ஓய்வு கேட்டு இதை முறிக்கலாம் என்று நீங்கள் எழுதியிருந்தது எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவேயில்லை. பாவம் ஹலீம். மனம் நொந்து என்னிடமே வந்துவிட்டான். "என்ன அண்ணன், எங்களப் பகிடி பண்ணுறீங்களா? பஸ் புடிச்சு வந்த நாங்க."

இடைவேளையில் எட்டுக்கு இருபத்தாறு. விமலேஸ்வரி தேசிக்காய்த் தண்ணீரோடு வந்தாள். நான் பெடியளை ஏசத் தொடங்கினேன். அவள் இடைமறித்து, "அதுகளை ஏன் ஏசிறியள்? சொன்னதைச் சொன்னபடி செய்யிற பிள்ளையள். சொன்னவரை ஏசுங்கோ" என்றாள். நியாயம்தான். ஆனால் நான் என்னையே ஏசிக்கொண்டிருக்க நேரமில்லை. உங்கள் கடிதத்தை விட்டேன். "பிள்ளையள், அவையின்ரை முறை எப்பவோ முடிஞ்சுது. இப்ப அவை எடுக்கிறது களவுத்தண்ணி" என்றேன்.

அத்தான், அந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து பேரின் முகமும் மாறியது. "களவடா! விடாதை, வெட்டடா!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தார்கள், மறித்தார்கள், பறித்தார்கள், எட்டில் கிடந்தது இருபது, இருபத்தெட்டு என்று ஏறியது, "களவு" என்ற சொல் காதில் விழுந்ததும் தகப்பன்மாரும் எழும்பிவிட்டார்கள், மண்வெட்டியோடு தளத்தில் கால் வைத்த ஒருவரைக் கிளிநொச்சியிலிருந்து வந்த நடுவர் வாத்தியார் கைகூப்பி இருத்தினார், முப்பத்திரண்டுக்கு முப்பத்துமூன்று, இன்னும் ஒரே ஒரு பந்து, பெடியள் மூச்சு வாங்குகிறார்கள், எனக்கு அவர்களைவிட அதிகமாக வாங்குகிறது, நான் எழும்பிக் கையைத் தூக்கி ஓய்வு கேட்டுவிட்டேன்.

ஓம் அத்தான். எங்கள் வேகத்தின் நடுவே, நானேதான். எக்காரணம் கொண்டும் கூடாது என்று நீங்கள் கோடிட்டு எழுதியிருந்தீர்கள். பெடியள் வந்து நன்றாகத் தேசிக்காய்த் தண்ணீர் குடித்தார்கள். திரும்பிப் போனபோது கால்கள் ஆறிவிட்டன, கோபமும் ஆறிவிட்டது. ஹலீம் இரண்டு போட்டான், நாங்களும் இரண்டு போட்டோம். முப்பத்தாறு, முப்பத்தேழு. ஒரு புள்ளியால் தோல்வி. யோகலிங்கம் வந்து, "அந்த ஓய்வு ஏன் மாமா?" என்று மட்டும் கேட்டான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு ஐவரும் போய்த் தூணடியில் குந்திக்கொண்டார்கள். இருட்டும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

ஆகவே இந்தக் கடிதத்தின் நோக்கம் இதுதான். நான் இந்தப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். எனக்குச் செய்தி எழுதத் தெரியும், செய்தியை உண்டாக்கத் தெரியாது. சங்கத்தின் முடிவு வருமுன் நீங்கள் ஒருதரம் வந்து, இந்தப் பெடியளைப் பொறுப்பெடுத்து, ஐயாத்துரையோடும் ஒரு கதை கதைத்தால் களம் தப்பக்கூடும். தயவுசெய்து மறுக்காதையுங்கோ.

அக்காவுக்கு எங்கள் அன்பு. முழங்காலுக்கு வேப்பெண்ணெய் பூசச் சொல்லுங்கோ. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி என்றும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
க. கனகலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஐயாத்துரை வீட்டுக்கு வந்துவிட்டார். கதிரையில் இருந்து வெகுநேரம் உரத்தைப் பற்றிப் பேசினார். எழும்பும்போது, "முதல் பாதியிலை நல்ல பிள்ளையள், ரண்டாம் பாதியிலை நல்ல விளையாட்டு. ரண்டையும் ஒரே பாதியிலை காட்டேலாதோ? நெளுக்குளத்தார் திரும்பியும் வாறமெண்டு சொல்லி விட்டிருக்கினம். களஞ்சியத்தைத் தளத்தை விட்டுத் தெற்குப் பக்கம் கட்டலாம் எண்டு நானே கூட்டத்திலை சொல்லுவன். ஆனால் நீர்தான் பழக்கவேணும். உம்மடை நாக்குக்குத்தான் பெடியள் ஓடுறாங்கள். ஓய்வு கேக்கிறதை மட்டும் என்னட்டை விடும்" என்றார். எனவே மேலே விலகுவதாக எழுதியதை எழுதாததாகக் கொள்ளவும். நீங்கள் வரவேண்டாம், ஒரு விசில் மட்டும் அனுப்புங்கோ. தலைவர் சொன்னது தலைவரின் சொல் மட்டுமே. செயற்குழு இன்னும் சம்மதிக்கவில்லை. கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. அதுவரை தூண்கள் நிற்கும். இண்டைக்கு என்று அவர் இந்தமுறை சொல்லவில்லை.