இழுங்க, பிடிங்க, விடுங்க

மனைவி கண்ணாடி முன்னால் நின்று சென்ட் அடித்துக்கொண்டிருந்தாள். தையல்காரருக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. காலையில் எழுந்தாலே விரல்கள் விறைத்துக்கொள்ளும். இன்று வயிறும் சேர்ந்து எரிந்தது.

"எங்க கிளம்பிட்ட, மணம் ஊரைத் தூக்குது?"

"டாக்டரைப் பாக்க."

"உனக்கு என்ன?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

நல்லா இருப்பவளுக்கு எதற்கு டாக்டர்? கேட்பதற்குள் வறட்டு இருமல் வந்து மறித்தது. துணித்தூசிதான் என்று பல மாதமாக அதைத் தள்ளிவைத்திருந்தார். இருமி முடித்தபோது அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார். "மச்சான், உங்க அக்கா எந்த டாக்டரைப் பாக்கப் போறா?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆஸ்பத்திரில நுரையீரல் டாக்டர், அத்தான். ஆளு நல்ல உயரம், செம கலர். இன்னும் கல்யாணம் ஆகலையாம்."

கேட்காமலே இருந்திருக்கலாம். வெட்டிய சட்டைத் துணியை அப்படியே போட்டுவிட்டுக் கடையைச் சாத்தி, ஆட்டோ பிடித்தார்.

மருத்துவமனையில் அவள் லிஃப்டில் ஏறினாள். மாட்டிக்கொள்ளாமல் இருக்க இவர் படியில் ஏறினார். பாதியில் மூச்சு வாங்கி, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றார். கோபம்தான் அவரை மேலே இழுத்துப் போனது.

மூடிய கதவுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல்: "நல்லா இழுங்க... பிடிங்க... இப்ப விடுங்க... சூப்பர்!" கூடவே மனைவியின் சிரிப்பு.

கதவை உதைத்துத் திறந்தார். ஒரு பெரியவர் மூச்சை அளக்கும் குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். மனைவி ஓரமாக நாற்காலியில் இருந்தாள்.

"சாட்சிக்கு ஆள் வேற வச்சிருக்கீங்களா?" என்று கத்தப் பார்த்தார். இருமல்தான் வந்தது. உயரமான டாக்டர் அவரைத் தாங்கி உட்காரவைத்து, முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"காலையில விரல் விறைக்குதா?"

"அது உனக்கெதுக்கு?"

"மூட்டைத் தாக்குற சில வியாதி நுரையீரலுக்குள்ளயும் போய்த் தழும்பாக்கிடும். இது வெறும் தூசி இருமல் மாதிரி தெரியல. ஸ்கேன் பாக்கணும். சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா மேல பரவாம தடுக்கப் பாக்கலாம்."

"பேச்சை மாத்தாத! என் பொண்டாட்டிக்கு இங்க என்ன வேலை?"

வாசலில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "சார், அப்பாயின்ட்மென்ட்டே உங்க பேர்லதான். 'கூப்பிட்டா வரமாட்டாரு, சந்தேகப்பட்டா ஓடி வந்துடுவாரு'ன்னு அக்காதான் சொன்னாங்க."