பினாயிலாரும் சுப்பனின் மணல் தொட்டியும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

காரைக்குடி வட்டாரத்தில் அழுக்கின் மீது தனியொருவராகப் போர் தொடுத்தவர் பினாயிலார் மட்டுமே என்று துணிந்து கூறுவேன். கொத்தமங்கலத்தில் என் வீட்டிற்கு எதிரேயுள்ள பெரிய வீட்டின் காவலர் அவர். அவர் வரும் முன்பே அவரது பினாயில் நெடி வந்துவிடுமாதலால், இயற்பெயரை ஊரே மறந்துவிட்டது. ஒருமுறை வீட்டு உரிமையாளரையே, "ஈரம் காயல அப்பச்சி, காலை வச்சுராதீக! அங்குட்டே நில்லுங்க" என்று வெயிலில் நிறுத்திவைத்தார்.

அத்தகையவரிடம் சுப்பன் என்னும் இரண்டு வயதுக் கடுவன் பூனை வாழ்ந்தது. பின்கட்டில் அதற்கென்று ஒரு மணல் தொட்டி. அந்த மணலையும் அவர் நாள்தோறும் பினாயில் ஊற்றிக் கழுவினார். மணலைக் கழுவிய வேறொருவரை நான் அறியேன்.

சென்ற ஆண்டு ஒரு காலையில், சுப்பன் நடுக்கூடத்துத் தரையில் குந்தி, முக்கி, ஒரு சொட்டு விட்டது.

"என்னையவா பழி வாங்குற?" என்று கேட்டபடியே பினாயிலார் துடைத்தார். துணியில் இளஞ்சிவப்புக் கறை. பின்னர் முக்கல் மட்டுமே இருந்தது, சொட்டு இல்லை. மலச்சிக்கல் என்று முடிவு செய்து விளக்கெண்ணெய் புகட்டினார். பூனைக்குள் சென்றதைவிட அவர் சட்டைக்குச் சென்றதே மிகுதி. பிற்பகலில் சுப்பன் கத்தவும் திராணியின்றிச் சுருண்டது. அதைத் துண்டில் பொதிந்துகொண்டு அவரும் நானும் ஆட்டோவில் காரைக்குடிக்கு விரைந்தோம்.

கால்நடை மருத்துவரம்மா வயிற்றைத் தொட்டதும் அவர் முகம் மாறியது.

"மலச்சிக்கல் இல்லைய்யா, மூத்திரம் அடைச்சிருக்கு. பை கல்லு மாதிரி இருக்கு. நாளைக்கு வந்திருந்தீகன்னா உசுரு இருந்திருக்காது."

மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி நீரை இறக்கினார். பிறகு, "ஒண்ணுக்கு எங்க போகும்?" என்று வினவினார்.

"மணல்லதான் டாக்டரம்மா. தெனமும் பினாயில் ஊத்திச் சுத்தமா வச்சிருக்கேன்" என்றார் பெருமிதத்துடன்.

"அந்த நெடியில நீங்க குந்துவீகளா? பினாயில் பூனைக்கு வெஷம்யா. எளவயசுப் பூனை மெரண்டுபோயி அடக்கி வச்சா, இப்படியும் ஆகலாம். இனிமே பினாயில் படாத மணலா ஒரு தொட்டி வையுங்க. தண்ணியும் நெறையக் குடிக்க வையுங்க."

"அப்ப, நாந்தானா?" என்றார் பினாயிலார். சுப்பனை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினோம்.

மூன்றாம் நாள் சுப்பன் வீடு திரும்பியது. மருத்துவர் கேட்டது ஒரு தொட்டி மணல். இவரோ கூடத்தின் நான்கு மூலையிலும் மணலைக் கொட்டிவைத்தார். மறுநாள் விடிந்ததும் எதிர்வீட்டில் ஒரே கூக்குரல்.

"அண்ணே, ஓடியாங்க! பேஞ்சுருச்சு! முழுசாப் பேஞ்சுருச்சு!"

ஓடினேன். ஈர மணலருகே குந்தியிருந்த அவருக்குக் கண் நிறைந்திருந்தது. தலைப்பிள்ளையைக் கையில் வாங்கிய தகப்பன்மாரிடமும் அந்த முகத்தை நான் கண்டதில்லை.

பூனை முக்கினால் மலச்சிக்கல் என்று எவரும் காத்திருந்துவிடக் கூடாது; ஆகவே, இக்குறிப்பைப் பத்திரப்படுத்தி வைக்குமாறு வேண்டுகிறேன்.