அக்கா கையில் நான் கொடுத்த கரண்டி

மாண்புமிகு நகரத் தலைவர் அவர்களுக்கும், அவரோடு ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் அக்காவுக்கும், உங்களைப் பத்திரிகையில் கோணல்மாணலாக வரைந்து பிழைக்கும் தம்பி பணிவோடு எழுதுவது. தாங்கள் நலம் என்று தங்கள் அலுவலக வாசல் காவலாளி சொன்னார். நான் நலமா என்று தாங்கள் கேட்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். பன்னிரண்டு நாளாகத் தாங்கள் என்னோடு பேசவில்லை. இந்தத் 'தாங்கள்' வேண்டாம் அக்கா, எழுதவே கூச்சமாக இருக்கிறது. நீ என்றே எழுதுகிறேன்.

நான்கு வருடமாக உன்னை வரைகிறேன். குண்டும் குழியுமான சாலையில் உன்னைப் படகு ஓட்ட வைத்தேன். உன் மூக்கைக் கொண்டே கோப்பில் கையெழுத்துப் போட வைத்தேன். "ஏன்டா, மூக்கை இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தா அடுத்த பக்கத்துக்கே போயிருக்குமே!" என்று சிரித்தாயே தவிர, ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் தலைகால் புரியாமல் ஆடிவிட்டேன்.

நடந்தது இதுதான். கூரை போட மறந்துபோன பேருந்து நிறுத்தத்தை நீ திறந்து வைத்தாய் அல்லவா? அன்று நான் முதலில் வரைந்தது நல்ல படம். உள்ளே இருக்கிற ஜனங்களெல்லாம் குடை பிடித்துக்கொண்டிருக்க, நீ வாசலில் நாடா வெட்டுகிறாய். அச்சுக்குப் போகும் நேரத்தில் ஒரு மெத்தைக் கடை விளம்பரம் வந்து என் இடத்தில் பாதியை விழுங்கிவிட்டது. மிச்ச இடத்தில் நிறுத்தம் அடங்கவில்லை, ஜனங்கள் அடங்கவில்லை, நீ ஒருத்திதான் அடங்கினாய். ஆண் தலைவர் தனியாக நின்றால் கையில் கொடுக்க என்னிடம் மைக், நாற்காலி, சாவிக்கொத்து என்று நூறு சாமான் இருக்கிறது. பெண் என்றதும் என் கை யோசிக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டது. பொங்கி வழிகிற பால், கையில் கரண்டி, கண்ணில் தாரை தாரையாக நீர். கீழே, "பொங்குற பாலையே பாத்துக்கத் தெரியல, இவங்க ஊரைப் பாத்துக்கப் போறாங்களாம்!" என்று ஒரு வரி. ஆசிரியர் கண்ணாடி கழன்று விழும்வரை சிரித்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

மறுநாள் முடிவெட்டப் போனால், கடைக்காரர் அந்தப் படத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறார். "இப்பதான் சார் சரியா போட்டிருக்கீங்க. பொம்பளைக்கு எதுக்கு சார் இந்த வேலையெல்லாம்?" என்றார். "இல்லீங்க, நான் சொல்ல வந்தது அந்தக் கூரை..." என்று இழுத்தேன். "எந்தக் கூரை?" என்றார். கத்தி என் கழுத்தில் இருந்ததால் மேற்கொண்டு விவாதிக்கவில்லை. போகிற இடமெல்லாம் இதே கதைதான். ஊரே உன் கரண்டியைப் பார்த்துச் சிரித்தது, கூரையைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் இல்லை.

சரி, கணக்கை நேர் செய்துவிடலாம் என்று எதிர்க்கட்சித் தலைவரையும் அதே அடுப்படியில் அதே கரண்டியோடு நிறுத்தினேன். விடிந்ததும் அவர் ஆட்கள் பத்திரிகை அலுவலக மாடிப்படி ஏறி வந்துவிட்டார்கள். "எங்க தலைவரை எப்படி அடுப்படியில நிக்க வைக்கலாம்?" என்று ஒரே கூச்சல். அவர்கள் பின்னாலேயே வந்த பெண்கள் சங்கத்தார், "அடுப்படியில நின்னா என்ன கேவலம்? கேவலம்னா எங்களை மட்டும் ஏன்யா நிக்க வைக்கிறீங்க?" என்று பிடித்துக்கொண்டார்கள். இரண்டு கூட்டமும் என் அறைக்குள் முட்டி மோதியதில் என் மேசை சாய்ந்து, மைப்புட்டி முழுக்க என் சட்டையில் கவிழ்ந்தது. கறுப்பு மனிதனாக வீட்டுக்குப் போனேன். உன் தம்பி மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கரண்டி பிடிச்சா அவருக்கு அவமானம், அண்ணிக்குன்னா தமாஷா? இது புரிய உங்களுக்கு ஒரு புட்டி மை செலவாச்சு" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அக்கா, உனக்குப் பால் காய்ச்சவே தெரியாது. அம்மா போன பிறகு நீ பகலில் வேலைக்கும் சாயங்காலம் கல்லூரிக்கும் ஓடினாய். அடுப்பைப் பார்த்துக்கொண்டவன் நான், பாலைப் பொங்கவிட்டவனும் நான், அதற்காக அழுதவனும் நான்தான். அந்தப் படத்தில் இருப்பது முழுக்க நான், மேலே உன் முகத்தை மட்டும் ஒட்டிவிட்டேன். உன் மூக்கை நீட்டலாம், உன் தப்பை மலையாக்கலாம், அது என் தொழில். நீ பெண்ணாகப் பிறந்ததையே உன் தப்பாக வரைந்தேன் பார், அது அத்துமீறல். என்னை மன்னித்துவிடு. நீ பேசாததால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி இந்தக் கையால் உன்னை வரையவே மாட்டேன், இது சத்தியம்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உன் வீட்டில் விருந்தாளியாக இருக்கும் என் மனைவிக்கு என் அன்பான விசாரிப்பு, என் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தாள் என்றும் கேட்டுச் சொல்லவும். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் முட்டாள் தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன். ஜனங்கள் உட்கார்ந்து பொழுதை வீணாக்குகிறார்கள் என்று பூங்கா பெஞ்சுகளை எல்லாம் எடுக்க உத்தரவு போட்டிருக்கிறாயாமே! உனக்கு என்ன ஆயிற்று அக்கா? என் சத்தியம் அரை மணி நேரம்தான் தாங்கியது. நாளை முதல் பக்கம் பார். அத்தனை பெஞ்சையும் அடுக்கி அதன் உச்சியில் நீ ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கிறாய், கீழே ஊரே கால் கடுக்க நிற்கிறது. இதற்கு நீ மறுப்பு எழுதினால் அதையும் முதல் பக்கத்திலேயே போடுவோம். ஆனால் மறுப்பை நகரத் தலைவர் தன் கையால் கொண்டுவந்து, ஓவியர் எதிரில் உட்கார்ந்து, அரை மணி நேரமாவது அவரைத் திட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பத்திரிகையின் விதி. இப்போதுதான் போனிலேயே ஆசிரியர் காலில் விழுந்து அந்த விதியைப் போட வைத்தேன்.