வெள்ளிக் கொக்கும் வெறும் மார்பும்

பதக்கப் பிராணி என்று ஓர் இனம் உண்டு. எங்கள் பிர்கன்ஸ்டைன் சமஸ்தானத்தில் தும்மினால் அந்த இனத்தில் இரண்டு பேர்மேலாவது தெறிக்கும். ஜெர்மனியிலேயே சுண்டைக்காய் ராஜ்யம் எங்களுடையது. ராணுவம் சின்னது, கஜானா அதைவிடச் சின்னது. ஆனால் இளவரசர் குலத்தின் 'வெள்ளிக் கொக்கு' விருதுக்கு மட்டும் ஐந்து வகுப்புகள்!

இந்தப் பிராணியை எப்படிக் கண்டுபிடிப்பது? அறைக்குள் முதலில் இடது தோள் நுழையும், ஆள் பிறகுதான் வருவார். கொட்டும் நவம்பர் மழையிலும் மேல்கோட்டைத் திறந்தே வைத்திருப்பார். சவ ஊர்வலத்தில் பெட்டிக்கு முன்னால் வெல்வெட் மெத்தைமேல் போகும் பதக்கங்களை எண்ணிவிட்டுத்தான் அழுவார். செத்தவருடையது தன்னுடையதைவிடக் குறைச்சல் என்றால் அழுகை இன்னும் உருக்கமாக வரும்.

அரண்மனை ஆலோசகர் குன்கெல் இந்த இனத்தில் அசல் சரக்கு. யாருக்கு, என்ன ஆலோசனை சொன்னார் என்று கேட்காதீர்கள். அவருக்கே தெரியாது. இரண்டாம் வகுப்புக் கொக்கைத் தூங்கும் அங்கியில்கூடக் குத்திக்கொள்வார்.

இளவரசரின் பிறந்தநாள் காலையில் அரண்மனைக் காரியக்காரர் வந்தார்.

"ஆலோசகரே, உங்களுக்கு முதல் வகுப்பு! பழசைக் கழட்டுங்க."

மேல் வகுப்பு கிடைத்தால் கீழ் வகுப்பைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அது எங்கள் விதி. குன்கெல் தலைகால் புரியாமல் பிய்த்துக் கொடுத்தார்.

"புதுசு எங்கே?"

"நகைக்கடையிலேருந்து வரணும்."

"அப்ப மத்தியான விருந்துக்கு?"

"அதுக்கு நான் என்ன பண்றது? பழசையாவது குடுங்கன்னு கேட்றாதீங்க, அது இனிமே ரொட்டிக்கடைக்காரருக்கு, அவர் காத்துக்கிட்டிருக்கார்."

வெறும் மார்போடு விருந்தா? கடைசி வரிசையில் பள்ளிக்கூட வாத்தியார் பக்கத்தில் அல்லவா தள்ளிவிடுவார்கள்! குன்கெலுக்கு வேர்த்து ஊற்றியது. மனைவி ஒட்டிலியின் கறுப்புச் சால்வையை எடுத்து அவளிடமே நீட்டினார்.

"என் வலது கை முறிஞ்சிருக்கு. மார்பு மறையற மாதிரி தூக்கிக் கட்டு."

"எப்படி முறிஞ்சுதுன்னு கேட்டா?"

"மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லு."

"நம்ம வீட்ல மாடியே இல்லையேங்க!"

விருந்தில் சூப் வந்த நேரம். இளவரசரே எழுந்து குன்கெலிடம் வந்தார். கையில் முதல் வகுப்புக் கொக்கு! ஆள் அனுப்பி நகைக்கடையிலிருந்து வாங்கி, தன் கையாலேயே குத்திவிட வந்திருக்கிறார். இதுவரை யாருக்கும் கிடைக்காத பாக்கியம். குன்கெலுக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம்.

"அடடா, கட்டுமேல எப்படிய்யா குத்தறது? கை ஆறட்டும், அடுத்த பிறந்தநாள்ல பாத்துக்கலாம்."

நீட்டிய கையை இளவரசர் சும்மா இறக்கலாமா? பக்கத்தில் வாத்து வறுவலுக்காகவே வந்திருந்த வன அதிகாரி ட்ரெக்ஸலின் மார்பில் கொக்கைக் குத்திவிட்டார்.

இளவரசர் குத்தினால் கைதட்டியாக வேண்டும். எல்லாரும் தட்டினார்கள். எல்லாரையும்விட ஓங்கித் தட்டியவர் குன்கெல். இரண்டு கையாலும்!

சால்வை சூப்பில் விழுந்தது.

"பாத்தீங்களா!" என்றார் இளவரசர். "நம்ம கொக்கைப் பார்த்ததுமே எலும்பு கூடிடுச்சு!"

மறுபடி கைதட்டல். குன்கெல் என்ன செய்வார்? வெறும் மார்போடு நின்று அவரும் தட்டினார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளியை எந்த நாற்காலியில் உட்கார வைக்கிறீர்கள்? பேச்சுப்போட்டியில் நீங்கள் வாங்கிய கேடயத்துக்கு நேர் எதிரே போட்டிருக்கிறதே, அதில்தானே?