சம்பந்தி அளந்த தண்ணீர்

தொரப்பள்ளி பக்கம்,
17-5-1992, ஞாயிறு

வருகிற ஞாயிறு நிச்சயதார்த்தத்தன்று எனக்குச் சம்பந்தியாகப் போகிறவரும், இதைப் படித்த பிறகு ஆகாமலே போய்விடக்கூடியவருமான மதிப்புக்குரிய நாராயணப்பன் அவர்களுக்கு, சென்னகிருஷ்ணன் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும், வீட்டம்மா சரோஜம்மாளும், மகன் வெங்கடசாமியும், மாடுகள் இரண்டும் சுகம். அங்கே நஞ்சம்மா அவர்களும் பெண் முனிலட்சுமியும் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் கிணறு மட்டும் சுகமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை நீங்கள் முடிச்சு போட்ட கயிற்றை எங்கள் கிணற்றில் விட்டு, "ஒம்போது முடிச்சு நனஞ்சிருக்கு, பரவால்ல" என்று சொன்னீர்களே, அந்த ஒன்பது முடிச்சும் டேங்கர் தண்ணீர். கிணறு தை மாதமே வற்றிவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. கரண்டு இலவசம் என்றதும் பத்துக் குதிரை மோட்டார் வாங்கி மாட்டி, கோசுக்கும் தக்காளிக்கும் இராப்பகலாக ஓடவிட்டது நான்தான். இப்போது கோசும் இல்லை, தக்காளியும் இல்லை, மோட்டார் மட்டும் புதுசாக இருக்கிறது. வற்றின கிணற்றைப் பார்த்துவிட்டு இரண்டு பெண் வீட்டார் காப்பி கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள். பையனுக்கு இருபத்தொன்பது வயது. மூன்றாவதாக நீங்கள் வருகிறீர்கள், அதுவும் "எங்க கெணறு காஞ்சி போச்சி, அதனால தண்ணி இருக்கற ஊட்டுக்குத்தான் பொண்ணு குடுப்பேன்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டு வருகிறீர்கள் என்றதும் எனக்குக் கிணற்றை நிரப்புவது தவிர வேறு வழி தோன்றவில்லை.

உடனே டிராக்டர் டேங்கர் ஓட்டுகிற பெரியதம்பியைப் பிடித்தேன். சிங்காரப்பேட்டைக்காரன், பாக்டரி கட்டுகிற இடங்களுக்குத் தண்ணீர் அடிக்கிறவன். விடிகாலையிலிருந்து பத்து லோடு கொட்டினான். புதுத் தண்ணீர் என்று தெரியக் கூடாதே என்று கொஞ்சம் பாசி போட்டேன். அதுவும் போதாமல் கோயில் குளத்து ஆமை ஒன்றைப் பூசாரியிடம் இரவல் வாங்கிவந்து உள்ளே விட்டேன். ஒன்பதரைக்குப் பார்த்தால் கிணறு எங்கள் அப்பா காலத்துக் கிணறு மாதிரியே இருந்தது. பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன நீங்கள் வரவில்லை. பஸ் தாமதம். வந்து இறங்கியவர் நேரே வராமல், இராகு காலம் என்று பன்னிரண்டு மணி வரைக்கும் பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டீர்கள். நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், தண்ணீர் இங்கே இறங்கிக்கொண்டிருக்கிறது. காய்ந்த மண் ஆயிற்றே, உறிஞ்சுகிற சத்தமே கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு. பத்தேமுக்காலுக்கே ஆமை கிணற்றின் அடிச்சேற்றில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தது. நான் பெரியதம்பியை விரட்டினேன். எங்கே போய்ப் பிடித்தானோ, பக்கத்திலிருந்து மடமடவென்று நாலு லோடு கொண்டுவந்தான். கடைசி லோடு கொட்டி முடிக்கவும் நீங்கள் சந்து திரும்பவும் சரியாக இருந்தது. டேங்கரை வைக்கோல் போருக்குப் பின்னால் தள்ளி, "மூச்சு விடாத, அங்கியே படு" என்று அவனையும் படுக்கவைத்தேன்.

நீங்கள் அளந்தீர்கள். ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "இந்த ருசி எங்கியும் வராதுங்க, இதுதாங்க தண்ணி" என்றீர்கள். எனக்குப் போன உயிர் வந்தது. சாப்பிட்டு எழுந்ததும், "இன்னொரு தரம் கயித்த உட்டுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டீர்களே, அப்போது வந்த உயிர் திரும்பப் போனது. சரோஜம்மாள் அதற்காகத்தான் உங்களைப் பிடித்து உட்காரவைத்து இன்னொரு களி உருண்டையும் கோழிக் குழம்பும் போட்டாள். மூன்று மணி பஸ் என் மானத்தைக் காப்பாற்றியது.

இதோடு விட்டிருப்பேன். ஆனால் கிளம்பும்போது, கூட வந்திருந்த உங்கள் வீட்டம்மா நஞ்சம்மா அவர்கள் என் வீட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மேட்டுல ஏறி ஏறிக் கொடம் தூக்கியே என் இடுப்பு ஒடிஞ்சிதுக்கா. என் மவளாவது வாசல்லயே தண்ணியப் பாக்கட்டும்" என்று கண் கலங்கினார்களாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கிணற்றில் ஈரம் கூட இல்லை. வெங்கடசாமி எட்டிப் பார்த்துவிட்டு, "பொய் சொல்லிக் கூட்டியாந்தா அந்தப் பொண்ணு மொகத்துல நான் எப்பிடிப்பா முழிப்பேன்?" என்று கேட்டான். சரோஜம்மாள் எழுதாதே என்று பேனாவைப் பிடுங்கி ஒளித்துவைத்தாள். இதைப் பென்சிலில் எழுதுகிறேன். ஆகையால் நிச்சயதார்த்தத்தை நிறுத்திக்கொள்வதானால் நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் எத்தனை திட்டினாலும் தகும். முனிலட்சுமிக்குத் தண்ணீர் உள்ள வீடாக, நல்ல இடமாக அமைய எங்கள் ஆசீர்வாதம். பெரியவர்களுக்கு வணக்கம், கன்றுகாலிகளுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
தலை குனிந்து,
சென்னகிருஷ்ணன்

பின்குறிப்பு, திங்கள் காலை: கவரை ஒட்டப் போகும் நேரத்தில், மறந்துவிட்டுப் போன ஓஸ் பைப்பை எடுக்கப் பெரியதம்பி வந்தான். பேச்சுவாக்கில், கடைசி நாலு லோடு எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். "நாராயணப்பன் மேட்டுத் தோட்டத்துக் கெணத்துலதாங்க. அவரு அன்னிக்கி ஊர்ல இல்ல, அவரு தம்பிதான் மோட்டர் போட்டாரு. தெனம் எட்டு லோடு அங்கதாங்க புடிக்கறேன், பாக்டரி வேலைக்கி" என்றான்.

காய்ந்து போனதாகச் சொன்ன உங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் எங்கள் வீட்டில் குடித்து நீங்கள் ருசி சொன்னீர்கள். நஞ்சம்மா அவர்களின் இடுப்பு எந்த மேட்டில் ஏறி ஒடிந்தது என்றும் இப்போது விளங்கிவிட்டது.

ஆகையால் மேலே எழுதியதெல்லாம் ரத்து. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் நடக்கும். சீர்வரிசை எதுவும் வேண்டாம். டேங்கருக்கு மோட்டார் போடுவதை இன்றே நிறுத்துங்கள், அது போதும். உங்கள் கிணறும் போய்விட்டால் அந்தப் பெண் தாய்வீட்டிலும் குடம் தூக்குவாள், இங்கேயும் தூக்குவாள். என் பையன் பாக்டரி வேலைக்குப் போகட்டும். என் கிணற்றுக்கு மழை வந்தால் பார்ப்போம்.

பூசாரியின் குளமும் வற்றிவிட்டதாம், ஆமை திரும்ப வேண்டாம் என்கிறார். அதையும் இந்தக் கடிதத்தையும் பெரியதம்பியிடமே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் கிணற்றில் விடுங்கள். ஆடிக்குத் தாய்வீடு வரும் மருமகளைத் திரும்ப அழைத்துப்போக நான் வருவேன். அப்போது அந்த முடிச்சுக் கயிற்றை எடுத்து வையுங்கள், நானும் ஒரு தரம் விட்டுப் பார்க்க வேண்டும்.