மெத்தைக்காரரின் முதுகுவலி

இந்தக் கோடையில் தரையில் படுப்பதில்லை என்று மெத்தைக்காரர் சபதம் எடுத்தார். சத்தமாக எடுக்கவில்லை. மனைவி அடுத்த அறையில் இருந்தாள். மனத்துக்குள்ளேதான் எடுத்தார், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தார்.

அவர் நிலைமையில் இருந்தால் நீங்களும் எடுத்திருப்பீர்கள். கடைத்தெருவில் மெத்தைக்கடை வைத்திருக்கும் மனிதர். 'எங்கள் மெத்தையில் படுங்கள், முதுகுவலி பறந்தோடும்' என்று வாசலில் ஆளுயரப் பலகை. பஞ்சோ, ரப்பரோ, தேங்காய் நாரோ, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். கண்ணை மூடினால் அப்படியே தூங்கியும் போய்விடுவார், அது வேறு விஷயம். அப்பேர்ப்பட்டவரைக் கோடைக்குக் கோடை இழுத்துக்கொண்டு போய்க் கட்டாந்தரையில் கிடத்தினால் யாருக்குத்தான் ரோஷம் வராது?

இழுத்துக்கொண்டு போவது கிறிஸ்தவக் கலை இசை விழாவுக்கு. ஏரிக்கரை மைதானம் ஒன்றில் நடக்கும். எங்கெங்கிருந்தோ பாடகர் குழுக்கள், நாடகக்காரர்கள், படம் வரைகிறவர்கள் எல்லாம் வந்து கூடாரம் அடித்துத் தங்குவார்கள். மனைவி தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவள். அவருக்குப் பாட்டு வராது. அதனால் கூடாரம் அடிப்பது, தண்ணீர் சுமப்பது, மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருவது ஆகிய மூன்று ஊழியங்கள் அவருக்கு. இதற்கெல்லாம் அவர் அசரவில்லை. கூடாரத்துக்கு அடியில் ஒரு கல் இருக்கும். எந்த மூலையில் கூடாரம் அடித்தாலும் அது அவர் முதுகுக்கு நேராக வந்துவிடும். அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

"என்னங்க, காதுல விழுதா? இந்தத் தடவை நான் தனியாப் பாடறேன்" என்றாள் மனைவி.

"ம்."

"நாடகத்துக்கு நடுவுல வர்ற பாட்டு. மேடையில நான் ஒருத்திதான்."

"ம்."

"வேற யாராவது பாடட்டும்னு சொல்லிரலாமான்னு பாக்கறேன்."

"ம்" என்றார் மெத்தைக்காரர். மனிதர் அப்போது எந்த உறுப்பில் வலியை வரவழைப்பது என்ற யோசனையில் இருந்தார். தலைவலி என்றால் மாத்திரை கொடுத்துவிடுவாள். காய்ச்சல் என்றால் கருவி வைத்துப் பார்ப்பாள். முதுகுவலிதான் உத்தமம். யாரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

மறுநாள் காலை செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ... அம்மா..."

மனைவி வந்து பார்த்தாள். "என்ன ஆச்சு?"

"பிடிச்சுக்கிச்சும்மா. நிமிர முடியல. நீ கவலைப்படாதே. நான் எப்படியாவது தனியா சமாளிச்சுக்குவேன். நீ மட்டும் விழாவுக்குப் போயிட்டு வா."

விழா என்ற வார்த்தையை அவ்வளவு சீக்கிரம் எடுத்திருக்கக் கூடாது. ஆனால் புதுக் கள்ளனுக்கு அந்த நிதானம் எங்கே இருக்கும்?

மனைவி அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய்ப் படுக்க வைத்தாள். தலைக்கு ஒரு தலையணை, முழங்காலுக்கு ஒரு தலையணை. வேளாவேளைக்குச் சாப்பாடு கட்டிலுக்கே வந்தது. மெத்தைக்காரர் முனகினார். முனகலில் விதவிதமாக வைத்தார். புரளும்போது ஒன்று, எழும்போது ஒன்று, அவள் அறைக்குள் வரும்போது நீளமாக ஒன்று. அவள் கதவோரம் நின்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே போய் யாருடனோ போனில் பேசினாள். தன்னைப் பற்றித்தான் வருத்தமாகப் பேசுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு டிரில் மாஸ்டர் வந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிடுகிறவர். பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது.

"அண்ணே, குப்புறப் படுங்க. நான் முதுகு மேல ஏறி நின்னா எல்லாம் சரியாப் போயிடும்."

"வேண்டாம் தம்பி!"

"ஒரு நிமிஷம்தான் அண்ணே. பூட்ஸைக் கழட்டிருவேன்."

"இப்பக் கொஞ்சம் பரவாயில்ல தம்பி. நிஜமாவே பரவாயில்ல!"

ஞாயிற்றுக்கிழமை மெத்தைக்காரர் வீட்டிலேயே படுத்திருந்தார். மனைவி தேவாலயத்துக்குப் போனாள். வந்ததும் முகம் நிறையச் சிரிப்போடு சொன்னாள்.

"உங்களுக்காக ஜெபம் பண்ணச் சொல்லிட்டேங்க."

"போதகர்கிட்ட தனியாச் சொன்னியா?"

"தனியா எதுக்கு? மைக்குலதான். 'நம்ம மெத்தைக்கடை அண்ணனுக்குத் தாங்க முடியாத முதுகுவலி'ன்னு போதகரே சொன்னாரு. எல்லாரும் முழங்கால் போட்டாங்க. டிரில் மாஸ்டர் அழுதே போயிட்டாரு. 'நல்ல மனுஷன் ஆண்டவரே, எங்களுக்காகத் தண்ணி சுமக்கிறவரு'ன்னு."

மெத்தைக்காரருக்குச் சுருக்கென்றது. முதுகில் இல்லை, நெஞ்சில். ஆனால் அதை நின்று கவனிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. போன் அடித்தது. கடையில் வேலை செய்கிற தையல்காரர்.

"முதலாளி, சர்ச் விட்டதிலேர்ந்து நாலு பேர் என் வீட்டுக்குப் போன் பண்ணிட்டாங்க. 'உங்க முதலாளி எந்த மெத்தையில படுக்கறாரு?'ன்னு கேக்கறாங்க. நம்ம மெத்தைதான்னு பெருமையாச் சொன்னேன்."

"ஐயையோ! அப்புறம்?"

"'அப்ப எங்களுக்கு வேண்டாம்'னு வச்சுட்டாங்க. மொத்தமா மெத்தை கேட்டிருந்த விடுதிக்காரர் வேற, தைக்கறதை நிறுத்தச் சொல்லிட்டாரு."

தேவாலயத்தில் முழங்கால் போட்டவர்களில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள். சபதம் எடுத்த தலைக்கு இது மட்டும் தோன்றவே இல்லை. ஊரெல்லாம் முதுகுவலியை விரட்டுகிறவன் தனக்கே முதுகுவலி என்று படுத்துக்கொண்டால் பலகையை என்ன செய்வது?

திங்கட்கிழமை காலை அவர் துள்ளி எழுந்தார். தெருவில் நாலு பேர் பார்க்கும்படி குனிந்து நிமிர்ந்தார். வாசல் பூந்தொட்டியைத் தூக்கி வலது பக்கம் வைத்தார். மறுபடி இடது பக்கம் வைத்தார்.

"வலி போயிடுச்சும்மா!"

"ஸ்தோத்திரம்!" என்றாள் மனைவி. "அப்ப அந்தக் கூடாரத்தைப் பரண்லேர்ந்து இறக்குங்க."

கடைசியாக ஒரு பேரம் பேசிப் பார்த்தார். "வர்றேன். ஆனா இப்பத்தான் குணமான உடம்பு. தரையில படுக்க மாட்டேன். என் கட்டில் மெத்தை கூட வரணும்."

"தாராளமா எடுத்துக்கோங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் இப்படி உடனே சரி சொன்னதில்லை. அங்கேயாவது சந்தேகப்பட்டிருக்கலாம். அவரோ ஜெயித்துவிட்டதாக நினைத்து மெத்தைக்குப் புது உறை போட்டார்.

பாடகர் குழுவின் வேன் கூரைமேல் மெத்தை ஏறியது. வழி நெடுக உள்ளே பாட்டு. அவருக்காக முழங்கால் போட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்து, "பரவாயில்லையா அண்ணே?" என்று கேட்டார்கள். டிரில் மாஸ்டர் முதுகுக்குப் பின்னால் தன் துண்டை மடித்து வைத்தார். ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு அன்புக்கும் மெத்தைக்காரர் ஒரு சுற்று சுருங்கினார்.

ஏரிக்கரையில் கூடாரங்கள் வரிசையாக முளைத்திருந்தன. ஒரு பக்கம் முரசுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் ஒரு பெண் ஏணிமேல் நின்று சுவரளவு துணியில் படகு வரைந்துகொண்டிருந்தாள். மெத்தைக்காரர் எதையும் பார்க்கவில்லை. கூடாரத்தை அடித்தார். உள்ளே மெத்தையை விரித்தார். படுத்தார். கல்லே, இப்போது என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

மூடிய கண்ணைத் திறக்கும்போது மெத்தை தரையிலிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. நாலு மூலையிலும் நாலு தடியர்கள். முன்மூலையில் டிரில் மாஸ்டர். பக்கத்தில் கழுத்தில் விசில் தொங்க ஒரு பெண்மணி. நாடகத்தை நடத்துகிறவராம்.

"அசையாதீங்க சார்! இப்படியே இருங்க. பிரமாதம்!"

"என்ன இது? எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"ஒத்திகைக்கு."

நடக்க முடியாமல் கிடந்த ஒருவனை நாலு நண்பர்கள் கூரையைப் பிரித்துப் படுக்கையோடு ஆண்டவர் முன்னால் இறக்கி, அவன் குணமாகிப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நடந்து போன பைபிள் கதைதான் அந்த வருஷத்து நாடகம். நாலு நண்பர்கள் தயார். கூரை தயார். படுக்கைதான் இல்லாமல் இருந்தது, படுக்கிற ஆளும்.

மெத்தைக்காரர் மனைவியைத் தேடினார். அவள் கூடவே நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"வசனமே கிடையாதுங்க. படுத்திருந்தாப் போதும். உங்களுக்கு வராததா?"

மேடைக்குப் பின்னால் இறக்கி வைத்துவிட்டு மற்றவர்கள் போனார்கள். மனைவி மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தார். அவள் கையைப் பிடித்ததும் மறந்துபோனார். அவள் கை பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

"எனக்குப் பயமா இருக்குங்க. எங்க ஆரம்பிக்கறதுன்னே மறந்துடும்போல இருக்கு."

"நீயா? வருஷா வருஷம் பாடறவதானே?"

"நான் எங்க பாடறேன்? முன்வரிசையில நீங்க காலை ஆட்டிக்கிட்டே இருப்பீங்க. அந்தக் கட்டைவிரலைப் பாத்துதான் எடுப்பேன். பாட்டு நடத்தறவர் கையை ஆட்டறது எனக்கு ஒரு நாளும் புரிஞ்சதில்ல. இந்தத் தடவை நீங்க வரலேன்னதும் பாட்டையே வேண்டாம்னு சொல்லிரலாம்னு இருந்தேன்."

இத்தனை கோடைகளாகக் கைப்பையைப் பிடிக்கத்தான் தன்னைக் கூட்டி வருகிறாள் என்று மெத்தைக்காரர் நினைத்திருந்தார். தூக்கம் வராமலிருக்க ஆட்டிய கால் அது. அதை நம்பி ஒருத்தி பாடியிருக்கிறாள். தான் வராமல் இருந்திருந்தால் என்று நினைத்தார். அவள் கையை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

மறுநாள் நாடகம். மைதானம் நிறைந்திருந்தது. கூரை பிரிந்தது. நாலு கயிற்றில் மெத்தைக்காரர் மெல்ல இறங்கினார். விசில் அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: எழுந்திருக்கும் கட்டம் வரை ஒரு நரம்புகூட ஆடக் கூடாது. அவரும் கட்டையாகக் கிடந்தார்.

பாட்டுக்கு முன் வரும் வாசிப்பு வந்தது. முடிந்தது. பாட்டு வரவில்லை. மறுபடி வாசித்தார்கள். அப்போதும் வரவில்லை. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். மனைவி மேடையோரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றாள். கண் மட்டும் அவர் பாதத்தின் மேல் இருந்தது.

நாடகம் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று மெத்தைக்காரர் கட்டைவிரலை ஆட்டினார்.

ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது ஆட்டத்துக்குப் பாட்டு எழுந்தது. முதல் வரியில் குரல் கொஞ்சம் நடுங்கியது. இரண்டாவது வரியில் நிமிர்ந்துவிட்டது. அவள் பாடப் பாட அவர் விரலும் ஆடியது. நடக்க முடியாதவன் குணமாவதற்கு முன்பே தாளம் போடுவதைக் கூட்டம் பார்த்தது. சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விரல்லதான் முதல்ல உயிர் வருது பாருங்க. என்ன கற்பனை!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

பாட்டு முடிந்ததும் மெத்தைக்காரர் எழுந்தார். மெத்தையைச் சுருட்டித் தலைமேல் வைத்தார். கைதட்டலுக்கு நடுவே நடந்து போகும்போது அவருக்கு நடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. நன்றி, நன்றி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மனைவியின் குரலுக்கு நன்றி. அழுதுகொண்டு ஜெபித்த டிரில் மாஸ்டருக்கு நன்றி. சபதத்தை உடைத்த கடவுளுக்கு ரொம்ப நன்றி. மேடைப் பொருட்களோடு மெத்தையைப் பூட்டி வைத்துவிட்டதால் மீதி நாளெல்லாம் தரையில்தான் படுத்தார். கல் அதே இடத்தில் இருந்தது. அதற்குக்கூட நன்றி சொன்னார்.

திரும்பும் வேனில் எல்லோரும் அசந்து தூங்கினார்கள். மெத்தைக்காரர் மனைவியின் காதருகே குனிந்தார்.

"ஒண்ணு சொல்லணும். எனக்கு முதுகு வலிக்கவே இல்ல."

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"அன்னிக்கே. தட்டுலேர்ந்து விழுந்த பிஸ்கட்டைக் கட்டிலுக்கடியில குனிஞ்சு எடுத்தீங்களே."

"தெரிஞ்சுமா மைக்குல சொன்னே?"

"நீங்க வலிக்குதுன்னீங்க. நான் நம்பினேன். புருஷன் பேச்சை நம்பக் கூடாதா?"

"அப்ப அன்னிக்கு வெளியில போய்ப் போன்ல பேசினியே, அது?"

"நாடகத்துக்குப் படுக்கற ஆள் கிடைக்கலேன்னு அந்த விசில் அம்மா தவிச்சுக்கிட்டிருந்தாங்க. வீட்டுக்குள்ளேயே ஒருத்தர் படுத்து அவ்வளவு அழகா முனகறப்ப வெளியில எதுக்குத் தேடணும்? போனைக் கதவுகிட்டப் பிடிச்சேன். கேட்டதும் 'இவர்தான் வேணும்'னுட்டாங்க."

மெத்தைக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. "போகட்டும். நல்லபடியா முடிஞ்சுது. வீட்டுக்குப் போனதும் என் மெத்தையில நிம்மதியாத் தூங்கணும்."

"மெத்தை நாடகக்காரங்க வண்டியிலதானே போகுது?"

"ஏன்?"

"இன்னும் ரெண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. இந்தக் கோடையிலேயே. நீங்க பேசாம வந்திருந்தா இந்த ஒண்ணோட முடிஞ்சிருக்கும்."

மத்தியானம் வேன் வீட்டு வாசலில் நின்றது. தோற்றாலும் மனம் நிறைந்திருந்த மெத்தைக்காரர் உற்சாகமாகக் குதித்து இறங்கினார். கூடாரப் பையைத் தூக்கக் குனிந்தார். முதுகில் ஏதோ படக்கென்றது. இத்தனை நாள் தரையில் படுத்ததற்குக் கல் கணக்கு முடித்துவிட்டது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"ஐயோ... அம்மா... நிஜமாவே பிடிச்சுக்கிச்சும்மா!"

மனைவி கதவைத் திறந்துகொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"போதும் வாங்க, ஒத்திகை வேண்டாம், முனகல் ஏற்கெனவே நல்லாத்தான் இருக்கு."