டப்பா பாயும் அப்பாவின் கும்பிடும்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மனிதர்களின் முகத்தைப் பார்க்காமல் ரவுட்டரின் முதுகைப் பார்க்கிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பாலக்கரையில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார். சொந்தப் பெயர் தெருவில் எவருக்கும் தெரியாது. டப்பா பாய் என்றால் தபால்காரருக்கும் தெரியும். வளைகுடாவில் பல வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டுத் திரும்பியவர்.

"உங்க ரவுட்டர்ல யூஎஸ்பி ஓட்டை ஒண்ணு சும்மா கெடக்குதுங்க தம்பி. பாக்கவே மனசு கேக்கல" என்று ஆரம்பிப்பார். கல்யாணத் தரகர் தோற்றார். பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஒரு டப்பாவில் அடைத்து, அதன் வயரை அந்த ஓட்டையில் செருகிவிட்டுத்தான் டீ குடிப்பார். அதற்குப் பிறகு டிஸ்கில் உள்ள வீடியோவெல்லாம் வீட்டு டிவியிலேயே ஓடும்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி, "பாய், இந்த டப்பாவை எங்கே எழுந்தருளப் பண்றது?" என்று கேட்டாராம். பாய் கொஞ்சமும் அசரவில்லை. "காத்தோட்டமா எழுந்தருளப் பண்ணுங்க மாமி. சூடு ஆகாது."

எல்லா வீட்டிலும் அவர் ஒரே பாடத்தைத்தான் நடத்துவார். வயரைச் சட்டென்று பிடுங்கக் கூடாது. மெனுவில் போய் வெளியே எடுக்கும் பட்டனை அமுக்கி, டப்பாவின் விளக்கு அணைந்த பிறகுதான் தொட வேண்டும். இதை நேராகச் சொன்னால் என்ன? சொல்ல மாட்டார். "யார் வீட்லேருந்தாவது கெளம்புறப்ப போறேன்னு சொல்லுவோமா? போயிட்டு வரேன்னுதானே சொல்லுவோம். டிஸ்க்கும் அப்படித்தாங்க. சொல்லிக்காம எடுத்தா திரும்பி வராது."

என் அப்பா இதை ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

தொண்டை ஆபரேஷனில் அப்பாவுக்குக் குரல் போய்விட்டிருந்தது. ஒரு காலத்தில் அவர் திட்டினால் தெருக்கோடியில் சைக்கிள்கள் நிற்கும். அந்தக் குரல் மிச்சம் இருந்தது பாய் எங்கள் வீட்டில் மாட்டிய டப்பாவில் கிடந்த பழைய வீடியோக்களில் மட்டும்தான். தினமும் சாப்பிட்டதும் டிவி முன்னால் உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருப்பார்.

வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்திய நாளில் வயரைக் கழற்ற வேண்டியிருந்தது. அப்பா பாடத்தை மறக்கவில்லை. ஆனால் அவரால் 'போயிட்டு வா' என்று சொல்ல முடியாதே! இரண்டு கையையும் கூப்பி டப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு பிடுங்கிவிட்டார்.

மறுபடி செருகியபோது டிவியில் ஒரு வீடியோவும் இல்லை. ஃபார்மட் செய்யவா என்று மட்டும் கேட்டது. என் மனைவி ரிமோட்டை எடுப்பதற்கும் பாய் உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது.

"தொடாதீங்கம்மா! மொத்தமா அழிச்சிடவான்னு கேக்குது அது!"

நடந்ததைச் சொன்னேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யா மேல தப்பே இல்லைங்க. வாயால சொல்ல முடியல, கையால சொல்லிட்டாரு. கதை சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

டப்பாவைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனவர் டீக்கடைப் பக்கமே வரவில்லை. அவர் வீட்டு ஜன்னல் வழியாக, "வந்துருங்க அய்யா, வந்துருங்க" என்று டிஸ்கிடம் கெஞ்சுவது மட்டும் கேட்கும். எங்கள் வீட்டு ஜன்னலில் அப்பா எதிர்வீட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் பாய் வந்தார், கண்ணெல்லாம் சிவந்து. "ஃபைல் பேரெல்லாம் போயிருச்சுங்க தம்பி. வெறும் நம்பராத்தான் இருக்கு. ஆனா ஆளுங்க இருக்காங்க, அல்ஹம்துலில்லாஹ்."

கைக்கு வந்த ஒரு நம்பரை அமுக்கினேன். எங்கள் வீட்டில் பாய் ரவுட்டர் மாட்டிய புதிதில், ஆபரேஷனுக்கு முன்னால், விளையாட்டாக நான் எடுத்த வீடியோ அது. அப்பாவின் குரலில் வீடு அதிர்ந்தது.

"யோவ் பாய்! செவுரு பூரா வயரைத் தொங்க விட்டிருக்கியே, இது வீடா, கரண்டு ஆபீஸா? அறிவிருக்காய்யா உனக்கு?"

பாய் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவ போடுங்க தம்பி. அய்யா என்னைத் திட்டி எவ்வளவு நாளாச்சு!"

அப்பா என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி அவரே மறுபடி போட்டார். டிவி திட்டத் திட்ட அவர் உதடுகளும் பாயைப் பார்த்துச் சேர்ந்து திட்டின. பாய் ஒவ்வொரு திட்டுக்கும் "ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நன்றி சொல்லலாம் என்று பாயின் பக்கம் திரும்பினேன். நானும் இரண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போட்டேன்.